தரையைத் தொடாத புகைபோக்கி

மாப்பிள்ளை நான்கு டிஸ்க்குகளை என் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டார். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டையில், புருவத்தில், காது மடலில் எல்லாம் செங்கல் பொடி.

"புகைபோக்கி இதுல ஏதோ ஒண்ணுல இருக்கு மச்சான்," என்றார். "இல்லாமலும் இருக்கலாம்."

மணி இரண்டு ஆகியிருந்தது. புகைபோக்கி விழுந்தது காலை பத்து மணிக்கு.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே படப்பிடிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவர் கேமராமேன், ஒப்பந்தத்தில். நான் கருவிகள் அறையின் பொறியாளர். கேமராக்கள் வெளியே போவதும் வருவதும், டிஸ்க்கில் உள்ள படம் எடிட்டிங் அறைக்குப் போவதும் என் கைவழியாகத்தான். மூடிக் கிடந்த ஒரு பழைய நூற்பாலையைப் பற்றி எட்டு மாதமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆலையின் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்ப்பதுதான் கடைசிக் காட்சி. மற்ற எல்லாம் தயார். அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் காலி இடம் விட்டிருந்தார்கள். ஒளிபரப்பு அன்று மாலை ஏழு மணிக்கு.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. போன மாதம் ஒரு பேட்டியில் முகம் மங்கலாகப் போய்விட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் எதுவும் செய்ய முடியாது," என்று தயாரிப்பாளர் அப்போதே சொல்லியிருந்தார். புது ஒப்பந்தத் தாள் அவர் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. என் தங்கைக்கும் அது தெரியும். காலையிலிருந்து எனக்கு ஏழு தடவை போன் செய்திருந்தாள்.

"என்ன ஆச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

"முதல்ல இருந்துன்னா நேத்து காலைல இருந்து சொல்லணும்."

"சரி, சொல்லுங்க."

"நேத்து பூரா மாநாடு. அது முடிஞ்சு வீட்டுக்குப் போகலாம்னு பார்த்தா, புகைபோக்கிக்கு நீதான் போகணும்னுட்டாங்க. வண்டிலயே பயணம். நாலு மணியில இருந்து வேலி ஓரமா நிக்கிறேன். பத்து மணிக்கு வெடி. அது சாஞ்சுச்சு, விழுந்துச்சு. தரை ஒரு குதி குதிச்சது பாருங்க, என் பல்லு ஆடிடுச்சு. கேமரால படம் போயிடுச்சு."

"கரண்ட் போச்சா?"

"பேட்டரி பாதி கழண்டு தொங்குது."

"எப்ப மாத்துனீங்க?"

"ஒன்பதரைக்கு."

"மாட்டும்போது 'க்ளிக்'னு சத்தம் கேட்டுச்சா?"

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். "கேட்ட மாதிரி இருந்துச்சு."

கேட்ட மாதிரி இருப்பதும் கேட்பதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு நாளுக்கு மேல் தூங்காத காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அப்புறம் பேட்டரியை அழுத்தி மாட்டுனேன். கேமரா உசுரு வந்துச்சு. திரையில என்னமோ கேட்டுச்சு. மீட்கவா, வேண்டாமான்னு. நான் டிஸ்க்கை வெளிய எடுத்துட்டேன்."

"ஐயோ. ஏன் எடுத்தீங்க?"

அவர் கையைத் தூக்கி என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே நான்கு வருடமாக என் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'கேமராவுக்கு எது நடந்தாலும் முதலில் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பையில் போடவும்.' 'முதலில்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

அதை எழுதியதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை வண்டியில் வைத்திருந்த கேமரா திருடு போனது. கேமராவுக்குக் காப்பீடு உண்டு. உள்ளே இருந்த மூன்று நாள் படப்பிடிப்புக்குக் கிடையாது. அந்த ஆத்திரத்தில் எழுதினேன். வெளியே கிளம்பும் ஒவ்வொருவருக்கும் அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. களைத்தவர்களுக்கு விளக்கம் எதற்கு, உத்தரவு போதும் என்று நினைத்தேன்.

டேப்பில் படம் எடுத்த காலத்துப் பழக்கத்தில் எழுதிய அந்த உத்தரவு டேப்புக்குச் சரி. டேப்பில் படம் ஓடுகிற வரிசையிலேயே பதிந்துவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது பதிந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க் அப்படியல்ல. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு தட்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத சுருள் பள்ளம். நீல லேசர் அந்தப் பள்ளத்தைத் தொட்டும் தொடாமலும் போய்ப் படத்தைப் புள்ளிகளாகப் பதிக்கிறது. ஆனால் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஒரு பட்டியலும் வேண்டும். பதிவை நிறுத்தும்போதுதான் கேமரா அந்தப் பட்டியலை டிஸ்க்கில் எழுதும். அதுவரை அது, மின்சாரம் போனாலும் அழியாத கேமராவின் நினைவில்தான் இருக்கும்.

ஒரு சரக்குக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகளைக் காலியான இடத்தில் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எது எங்கே என்று கிடங்குக்காரர் தன் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்கிறார். சாயங்காலம்தான் அதைப் பார்த்துச் சுவர்ப் பலகையில் எழுதுவார். நடுவில் அவரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டால் மூட்டை உள்ளே இருக்கும், நோட்டு அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவர் பலகையைப் பார்ப்பார். இடம் காலி என்றுதான் நினைப்பார்.

நினைத்தால்கூடப் பரவாயில்லை. புது மூட்டையைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டுவிட்டால்தான் வினை. கிடங்கில் பழைய மூட்டை நசுங்கும். டிஸ்க்கில் பழைய படம் அழிந்தே போகும்.

"எடுத்த டிஸ்க்கை எங்க வச்சீங்க?"

"பாக்கெட்ல."

"புது டிஸ்க் எங்க இருந்துச்சு?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். "அதே பாக்கெட்லதான்."

"ரெண்டும் ஒரே பாக்கெட்லயா?"

"எல்லாமே ஒரே பாக்கெட்ல. ஒரே புழுதி. ஒரே இருட்டு. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டேன்."

"போட்டு எதை எடுத்தீங்க?"

"இடிப்பு வேலையைப் பார்க்க வந்த அதிகாரி பேச்சை. நாற்பது நிமிஷம் பேசினார்." சாய்ந்தபடியே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "எழுபது வருஷமா நின்ன புகைபோக்கி எட்டு செகண்ட்ல விழுந்துச்சு மச்சான். இவர் விழவே இல்ல."

நாற்பது நிமிடப் பேச்சு எட்டு விநாடிப் புகைபோக்கியின் மேல் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

நான்கு கூட்டிலும் பெயர்ச்சீட்டு இல்லை. ஆனால் கண்டுபிடிக்க வழி இருந்தது. புகைபோக்கி விழுவதற்கு முன்னால் அதே டிஸ்க்கில் காலையில் சில துண்டுக் காட்சிகள் எடுத்ததாக அவர் சொன்னார். வேலி, காக்கை, தொப்பி போட்ட வேலையாட்கள். அந்தக் காட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி எடுத்ததால் அவற்றின் பட்டியல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஆகவே அதிகாரியின் பேச்சு எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அதன் முதல் காட்சியைப் பார்த்தால் போதும். முதல் காட்சியே பேச்சு என்றால் புது டிஸ்க். பிழைத்தோம். முதலில் வேலியும் காக்கையும் வந்து, பிறகு பேச்சு வந்தால் போச்சு.

முதல் டிஸ்க்கை, போட்டுப் பார்க்கும் கருவியான டெக்கில் தள்ளினேன். எங்கள் டெக் ஒவ்வொன்றையும் விழுங்கியதும் கொஞ்ச நேரம் உறுமும். லேசர் தன் தூரத்தைச் சரிசெய்துகொள்கிற சத்தம் அது. எனக்கு எப்போதும் பிடித்த சத்தம். அன்று பிடிக்கவில்லை.

முதலாவது காலி. இரண்டாவதில் விடியற்காலை வானம், ஆலைக் கட்டடம், வண்டிகள். பட்டியல் முழுதாக இருந்தது.

மூன்றாவது உறுமிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தயாரிப்பாளர். ஐம்பது வயதுப் பெண்மணி. மணி சொல்லாமல் பேச்சைத் தொடங்கமாட்டார் என்பதால் எடிட்டிங் அறையில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

"ரெண்டு இருபது," என்றார். "படம் எங்க?"

"பார்த்துட்டு இருக்கேன் மேடம்."

"பார்த்துட்டு இருக்கீங்களா, தேடிட்டு இருக்கீங்களா?"

மாப்பிள்ளை சுவரிலிருந்து நிமிர்ந்தார். தயாரிப்பாளர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீங்க உட்காருங்க. விழுந்துடப் போறீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு விழுந்தா போதும்."

திரையில் சின்னச் சின்னப் படங்கள் வரத் தொடங்கின. முதல் கட்டத்தில் ஒலிவாங்கி. அதன் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடி. அதிகாரி. காக்கை இல்லை, வேலி இல்லை. மேசையை ஒரு தட்டு தட்டினேன். மாப்பிள்ளை அப்போதுதான் உட்கார்ந்தார்.

"என்ன, இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார் தயாரிப்பாளர். "இந்தப் பேச்சை நான் போடவே போறதில்ல."

நான்காவது டிஸ்க். வேலி, காக்கை, வேலையாட்கள். பட்டியல் அதோடு நின்றது. பிறகு திரையின் நடுவில் கேள்வி வந்தது: முடிக்கப்படாத பதிவு உள்ளது. மீட்கவா?

இந்த இடத்தில் பலரும் ஒரு தப்பு செய்வார்கள். படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் கூட்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுத் தாழைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாது. ஆனால் மீட்பது என்றாலே விட்டுப்போன பட்டியலை எழுதுவதுதான். டெக் பள்ளத்தின் வழியே மெதுவாகப் போய், பட்டியலில் இல்லாத படம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தடவிப் பார்த்து, புதிதாகப் பட்டியல் எழுதும். அதற்குத் தாழ் திறந்திருக்க வேண்டும். காப்பாற்றுவதற்காகக் காவலை எடுக்க வேண்டும். திறந்துதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

ஒரு பட்டை நகர ஆரம்பித்தது. மிக மெதுவாக.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, அவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார். என்ன ஆச்சு?"

"இங்கதான் இருக்காரு. டிஸ்க்ல பட்டியல் எழுதறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சும்மா. இப்ப டெக் என்ன பண்ணுதுன்னா..."

"அண்ணே, நீ ஆரம்பிக்காத. இருக்கா, இல்லையா?"

"இன்னும் தெரியல."

"சாப்பிட்டாரா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். "சாப்பிட்டாரு," என்றேன். போனை வைத்துவிட்டாள். நம்பவில்லை என்பது வைத்த வேகத்திலேயே தெரிந்தது.

பட்டை முடிவுக்கு வந்தது. பட்டியலில் புதிதாக ஒரு காட்சி. நான்கு நிமிடம், சில விநாடிகள். ஓடவிட்டேன்.

அழகாக இருந்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். தூக்கமில்லாத மனிதன் எடுத்தது போலவே இல்லை. நான்கு நிமிடம் புகைபோக்கி சும்மா நின்றது. பிறகு அடியில் நான்கு இடத்தில் வெண்புகை. சத்தம் பின்னால் வந்தது. படம் ஒரு நடுக்கம் நடுங்கி நிலைத்தது. புகைபோக்கி, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. நடுவில் ஒரு விரிசல். மேல்பாதி தனியாகப் பிரிந்தது. அந்த இடத்தில் படம் நின்றது.

"அப்புறம்?" என்றார் தயாரிப்பாளர்.

"அவ்வளவுதான் மேடம்."

"மிச்சம் எங்க?"

விளக்கினேன். டெக் தேடிப்போவது சில விநாடிக்கு ஒருமுறை கேமரா இட்டுக்கொண்டே வருகிற குறிகளை வைத்துத்தான். கடைசிக் குறிக்குப் பிறகு பதிந்தது எந்தக் காட்சியைச் சேர்ந்தது என்று டெக்குக்குத் தெரியாது. விட்டுவிடும். தரையில் விழுந்த அந்தக் கடைசி நான்கு விநாடி அதில் போனது. டிஸ்க் கேமராவுக்குள்ளேயே இருந்து, கேமரா கேட்ட கேள்விக்கே 'ஆம்' என்று சொல்லியிருந்தால் நோட்டும் கிடங்கும் ஒரே இடத்தில் இருந்திருக்கும். அந்த நான்கு விநாடியில் பெரும்பாலானது கிடைத்திருக்கும்.

அவர் என் விளக்கத்தை முழுதாகக் கேட்டார். வழக்கத்தில் இல்லாத விஷயம். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அந்தச் சாய்வை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"இங்க வெட்டிட்டு தூரத்துக் கேமராவுக்குப் போயிடறோம். மாடியில இருந்து எடுத்தது இருக்கு. புழுதியாத்தான் தெரியும், பரவால்ல." எழுந்தார். "எனக்கு ஒரு அறிக்கை வேணும். என்ன காரணம்னு. மேல கேப்பாங்க. நாலு மணிக்குள்ள." கதவருகே போய், மாப்பிள்ளையைப் பார்க்காமலே சொன்னார். "உங்க பேப்பர் அதைப் பார்த்துட்டுத்தான்."

கதவு சாத்தியதும் அறிக்கைத் தாளை எடுத்து மேசையில் போட்டேன். நிறுவனத்தின் பழுது அறிக்கைத் தாளில் தேதி, கருவி எண், இழப்பு என்று பல கட்டங்கள். 'காரணம்' என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "அதிர்வுன்னு எழுதிடுங்க. வெடி அதிர்வுல மின் துண்டிப்பு. பொய் இல்லையே."

பொய் இல்லை. ஒரு வரியில் அடங்கவும் செய்யும். பேனாவை எடுத்தேன். அதே அதிர்வில், அதே வேலியில் நின்ற வேறு நிறுவனத்தின் மூன்று கேமராக்களும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன என்று மேலே இருப்பவர்கள் அரை நாளில் தெரிந்துகொள்வார்கள். அப்புறம் பேட்டரி. அப்புறம் 'க்ளிக்'. அப்புறம் அவர் மட்டும்தான் மிஞ்சுவார்.

"அதிர்வுன்னு எழுதினா முதல் கேள்வியே பேட்டரிதான் மாப்ளே. மறைச்சோம்னு ஆயிடும்."

"அப்ப பேட்டரின்னு எழுதுங்க. என் தலையெழுத்து." குரலில் கோபம்கூட இல்லை. "தலைக்கு மேல வெள்ளம் போன அப்புறம் சாண் என்ன, முழம் என்ன."

"பேட்டரியால படம் நின்னுச்சு. அதனால மட்டும் அந்த நாலு செகண்ட் போகல. டிஸ்க்கை வெளிய எடுத்ததாலயும் போச்சு. அது நீங்க பண்ணது இல்ல. நான் சொன்னதை நீங்க பண்ணது."

"அதை எழுதாதீங்க மச்சான். உங்க வேலைக்கே ஆபத்து வந்துடும். ரெண்டு பேருக்கும் போச்சுன்னா உங்க தங்கச்சி நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

'காரணம்' வரியில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினேன். பிறகு வெள்ளைத் தாள் இரண்டை எடுத்தேன். டேப் எப்படி, டிஸ்க் எப்படி, பட்டியல் எப்போது எழுதப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். பேட்டரி முழுதாகப் பூட்டவில்லை என்று எழுதினேன். அதை மாட்டியவர் அப்போது இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பணியில் இருந்தார் என்று எழுதினேன். இரண்டு பணியையும் அடுத்தடுத்துப் போட்ட பணிப் பட்டியல் எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று எழுதினேன். கேமரா சரியான கேள்வியைத்தான் கேட்டது, அதற்குத் தவறான பதிலை நான்கு வருடம் முன்பே சுவரில் ஒட்டியவன் நான் என்று எழுதினேன். கை வலித்தது. நிமிர்ந்தபோது மாப்பிள்ளை நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். செங்கல் பொடி மடியில் உதிர்ந்திருந்தது.

மேலே போனேன். தயாரிப்பாளர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தாளின் பாதியில் உட்கார்ந்தார்.

"ஒரு வரி கேட்டேன்."

"ஒரு வரில யாராவது ஒருத்தர்தான் மாட்டுவாங்க மேடம்."

"அதனால மூணு பேரையும் மாட்டிவிட்டீங்களா? அந்த டூட்டி லிஸ்ட்ல கையெழுத்து என்னுது."

"தெரியும்."

மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவரும் இரண்டு நாளாக அதே உடையில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"இதை மேல அனுப்பினா எனக்கும் திட்டு விழும்," என்றார். "அனுப்பலைன்னா அவர் ஒருத்தருக்கு மட்டும் விழும்." தாள்களை மடிக்காமல் ஓர் உறைக்குள் போட்டார். மேசையில் கிடந்த ஒப்பந்தத் தாளை எடுத்து, ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்ததை அடித்து ஆறு மாதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். "இதுக்கு மேல என்னால முடியாது. அவரை ரெண்டு நாள் வீட்டுல இருக்கச் சொல்லுங்க. அப்புறம், பேட்டரி, டிஸ்க் பத்தி அத்தனை பேருக்கும் வகுப்பு எடுங்க. நீங்க. லீவு நாள்ல."

"சரி மேடம்."

"சுருக்கமா."

கீழே வந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டினேன். எழவில்லை. மறுபடி தட்டினேன். கண்ணைத் திறக்காமலே, "அது உட்கார்ந்துச்சு மச்சான்," என்றார்.

"எது?"

"மேல்பாதி. சாயவே இல்ல. நேரா கீழ இறங்கி, களைச்ச மனுஷன் மாதிரி அப்படியே உட்கார்ந்துச்சு. அப்புறம்தான் புழுதி. நான் அதை ஃப்ரேமுக்குள்ளயே வச்சிருந்தேன். கொஞ்சம்கூட வெளிய போகல."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அது எங்கயும் இல்லையே."

ஒப்பந்தத்தை அவர் முன்னால் வைத்தேன். ஆறு மாதம் என்ற இடத்தை விரலால் காட்டினேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். நன்றி சொல்வார் என்றோ கோபப்படுவார் என்றோ நினைத்தேன். பேனா கேட்டார்.

கையெழுத்துப் போட்டு, கீழே தேதி எழுதினார். நேற்றைய தேதி. நான் சொன்னதும் அடித்துவிட்டு இன்றையதை எழுதினார். அடித்த இடத்தில் ஒரு சின்னக் கையெழுத்து போடச் சொன்னேன். போட்டார். பிறகு பேனாவை மூடாமலே கையில் வைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை எந்தப் பையில் வைத்தோம் என்று ஒவ்வொரு பையாகத் தடவ ஆரம்பித்தார்.

"நான் ஓட்டறேன்," என்றேன்.